சட்டப்படி அனுப்பிய மெயிலும் ஸ்பாமில் விழுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

“எல்லாம் சட்டப்படிதான் சார் அனுப்புறோம், ஆனாலும் ஸ்பாமில்தான் போய் விழுது.” அமெரிக்காவில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் நம்மூர் நிறுவனங்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அவர்கள் சொல்வது உண்மைதான். மெயிலின் அடியில் அலுவலக முகவரி இருக்கும், அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கும், சப்ஜெக்டில் பொய் இருக்காது. கேன்-ஸ்பாம் சட்டம் கேட்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2003 டிசம்பரில் கையெழுத்தாகி, 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் இந்த அமெரிக்கச் சட்டம் விளம்பர மெயிலுக்கு முன்அனுமதிகூடக் கேட்பதில்லை. வேண்டாம் என்றவருக்கு நிறுத்திவிட வேண்டும், அனுப்புவது யார் என்பதை மறைக்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மெயிலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் வரலாம்.

ஆனால் அந்தச் சட்டம் ஜிமெயிலையோ யாஹூவையோ கட்டுப்படுத்தவில்லை. எந்த மெயிலை ஏற்பது, எதைத் திருப்புவது என்பது சேவை நிறுவனத்தின் சொந்தக் கொள்கை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே கோளாறு டிஎன்எஸ்ஸில் (உங்கள் இணையப் பெயருக்கான பொதுப் பதிவேடு) இருக்கலாம், மெயில் அனுப்பும் முகவரி லிஸ்ட்டில் இருக்கலாம், சில சமயம் நிஜமாகவே சட்டத்திலும் இருக்கலாம். எது என்று அறிகுறியைப் பார்த்தால் தெரியும்.

மெயில் திரும்பி வருகிறது, 550 5.7.26 என்று எழுதியிருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே சுலபமான கோளாறு. ஜிமெயில் 5.7.26 என்று சொன்னாலும், அவுட்லுக் 5.7.515 என்று சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: நீங்கள் யார் என்று நிரூபிக்கவில்லை.

சொந்த ஜிமெயில் முகவரி ஒன்றை லிஸ்ட்டில் சேர்த்து, வழக்கமான மெயிலை அதற்கும் அனுப்புங்கள். திரும்பி வராமல் ஸ்பாமிலாவது விழுந்தால், கணினியில் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ போங்கள். மேலே ஒரு கட்டத்தில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் ‘பாஸ்’ இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் எந்தெந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் மெயிலின் மேல் குத்தும் முத்திரை. இந்த இரண்டில் ஒன்றாவது, படிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் டொமைனோடு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க்.

நான் அடிக்கடி பார்க்கும் தப்பு எஸ்பிஎஃப்பில்தான். முதலில் ஒருவர் கூகுளுக்காக ஒரு வரி போட்டுவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். அடுத்து வந்தவர் அதைத் தொடப் பயந்து, ஜோஹோவுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு வரி சேர்த்திருப்பார். தனித்தனியே இரண்டும் சரி. ஆனால் ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் ‘பெர்ம்-எரர்’ (நிரந்தரப் பிழை) வரும். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். அப்படிச் சேர்க்கும்போது, அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினாலும் அதே எரர்தான். பழைய சேவைகளை எடுத்தாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் மட்டும் ஃபெயில் என்று வந்தால் குழம்ப வேண்டாம். மெயில் சேவை தன் சொந்த டொமைனைக் காட்டி இரண்டிலும் தேறியிருக்கிறது, உங்கள் டொமைன் அதில் இல்லை. அந்தச் சேவையின் செட்டிங்ஸில் உங்கள் டொமைனை இணைக்கும் இடம் இருக்கும். அது தரும் வரிகளை டிஎன்எஸ்ஸில் போட்டால் தீர்ந்தது. அப்புறம், ஃப்ரம் வரியில் ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு வெளிச் சேவையிலிருந்து விளம்பரம் அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

இதற்கும் சட்டத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. போன் அழைப்புக்கு இருப்பது போல மெயிலுக்கும் ‘தொந்தரவு செய்யாதே’ பதிவேடு வைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி, அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியிடம் கேன்-ஸ்பாம் சட்டம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தது. 2004 ஜூனில் எஃப்டிசி கையை விரித்தது. அனுப்புகிறவர் யார் என்றே உறுதிசெய்ய முடியாதபோது, அந்தப் பதிவேடு ஸ்பாமர்களுக்கு உயிரோடு இருக்கும் முகவரிகளின் பட்டியலாகத்தான் பயன்படும், முதலில் அடையாளத்துக்கு வழி பண்ணுங்கள் என்றது. அந்த அடையாளம் கட்டாயமாக ஏறக்குறைய 20 வருடம் ஆயிற்று. அதுவும் எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை. நாளொன்றுக்கு 5,000 மெயிலும் அதற்கு மேலும் தங்களிடம் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும், 2025 மே மாதம் அவுட்லுக்கும் தாங்களாகவே இந்த மூன்றையும் விதியாக்கின. யாஹூவும் 2024-இல் ஜிமெயிலோடு சேர்ந்தே இறங்கியது.

மூன்றும் பாஸ், சட்டமும் சரி, ஆனாலும் ஸ்பாமில்

இங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டப் பிரிவுகளை எடுத்துக்காட்டி கூகுளுக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்கிறார்கள். டெக்சாஸில் ஒரு டேட்டிங் சேவை இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டது. ஒயிட் பஃபலோ வென்ச்சர்ஸ் என்று பெயர். 2003-இல் தகவல் பெறும் சட்டத்தின்படி மனுப் போட்டு, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடமிருந்தே மாணவர் முகவரிகளை வாங்கி, பல்லாயிரக்கணக்கில் விளம்பர மெயில் அனுப்பியது. புகார்கள் வந்ததும் பல்கலைக்கழகம் மெயில் வந்த சர்வரின் ஐபி முகவரியையே தடுத்துவிட்டது. கேன்-ஸ்பாம் சொன்ன எல்லாவற்றையும் செய்திருக்கிறோம், அதை மீறி ஒரு பல்கலைக்கழகம் எப்படித் தடுக்கலாம் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. சட்டத்தைப் பின்பற்றியதை யாரும் மறுக்கவே இல்லை. ஆனாலும் 2005-இல் டெக்சாஸும் அடங்கும் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஐந்தாம் சர்க்யூட்) பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கே இப்படியென்றால், தனியார் நிறுவனமான கூகுளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஃபில்டர் எதைத்தான் பார்க்கிறது? மெயிலைப் பெற்றவர் என்ன செய்தார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. திறந்தாரா, பதில் போட்டாரா, ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்தினாரா? ஜிமெயில் எழுதி வைத்திருக்கும் கணக்கு: புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது. இன்பாக்ஸில் விழுந்த 6,000 மெயிலுக்கு 18 பேர் பொத்தானை அழுத்தினால் அந்த 0.3 வந்துவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட நிரம்பாது.

கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் உங்கள் டொமைனைச் சேர்த்தால் இந்த விகிதம் வரைபடமாகத் தெரியும். அதைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. புகார் 0 என்று கோடு தரையோடு தரையாகப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு என்னிடம் படம் அனுப்பியவர்கள் உண்டு. மெயில் நேராக ஸ்பாம் பெட்டிக்கே போய்விட்டால், அதை யார் மறுபடி ஸ்பாம் என்று சொல்லப் போகிறார்கள்? திறப்பும் விழுந்து புகாரும் 0 ஆனால், நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மருந்து கசக்கும். கடந்த மூன்று மாதத்தில் லிங்க்கை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், ஏதாவது வாங்கியவர்கள், இவர்களுக்கு மட்டும் நாலு வாரம் அனுப்புங்கள். மீதிப் பேரை ஓரமாக வையுங்கள். 40,000 பேர் லிஸ்ட் 5,000 ஆகிவிடும், முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ‘திறந்தவர்’ என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், மெயிலில் உள்ள படம் இறங்கினாலே திறந்ததாக அது எண்ணிவிடும். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் மெயில், தன் தனியுரிமை வசதியை ஏற்றவர்களுக்கு, படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படிக்காதவரும் படித்தவர் போலத் தெரிவார்.

இன்னொரு சின்ன இடமும் பாருங்கள். மெயில் 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் அடியை வெட்டிவிட்டு, ‘முழு மெயிலையும் பார்க்க’ என்று ஒரு லிங்க் வைத்துவிடும். வெட்டுப்படுவது எது? அலுவலக முகவரியும் அன்சப்ஸ்கிரைப்பும். சட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொன்ன இரண்டும் மறைந்துவிட்டன. நிறுத்த வழி தெரியாதவர் கைக்கு எட்டும் பொத்தான் ஸ்பாம்தான். தமிழில் அனுப்புகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து 1 பைட்டில் அடங்கும், யூனிகோடில் ‘க’ 3 பைட், ‘கொ’ 6 பைட்.

அன்சப்ஸ்கிரைப் செய்தவருக்கு மறுபடி போகிறது

இது சட்டக் கோளாறு. உடனே பாருங்கள்.

ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்தது. நியூ ஜெர்சியில் ஒரு அம்மா மூன்று முறை அன்சப்ஸ்கிரைப் செய்துவிட்டு, நாலாவது மெயிலுக்கு வக்கீலை சிசியில் போட்டுப் பதில் எழுதியிருந்தார். மெயில் சேவையைத் திறந்து பார்த்தால், நிறுத்தியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஒழுங்காக இருக்கிறது. பிறகு எப்படிப் போகிறது? கண்காட்சி அழைப்புகளை விற்பனைப் பிரிவு இன்னொரு சேவையிலிருந்து தனியாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் மாதாமாதம் ஏற்றிய எக்செல்லின் பெயர் ‘லிஸ்ட் ஃபைனல் நியூ 2’. அதற்கு இரண்டு வயது.

நிறுத்தியவர்கள் பட்டியல் நிறுவனத்துக்கு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், எந்தச் சேவையிலிருந்து அனுப்பினாலும் அதோடு ஒப்பிட்ட பிறகே போக வேண்டும். நிறுத்தச் சொன்னவரின் முகவரியை மொத்தமாக அழித்துவிடுவதும் தப்பு. அழித்தால் அடுத்த எக்செல்லில் புது ஆளாக வந்து நிற்பார். ‘ஏஜென்சிதான் அனுப்பியது’ என்ற பதிலும் எடுபடாது. யாருடைய பொருளை மெயில் விளம்பரப்படுத்துகிறதோ அவருக்கும் சட்டம் பொறுப்பு வைக்கிறது. கண்காணிப்புக் கேமரா விற்கும் வெர்காடா நிறுவனம், நிறுத்தச் சொன்னதை மதிக்காதது உள்ளிட்ட கேன்-ஸ்பாம் மீறல்களுக்காக 2024-இல் 29.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கால அளவில் சட்டமும் ஃபில்டரும் வேறு வேறு கடிகாரம் பார்க்கின்றன. கேன்-ஸ்பாம் 10 வேலை நாள் தருகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் 5 வேலை நாள். ஜிமெயிலும் யாஹூவும் 2 நாள். திங்கட்கிழமை நிறுத்தச் சொன்னவருக்கு அடுத்த வாரமும் ஒரு மெயில் போனால் அமெரிக்கச் சட்டம் ஒன்றும் சொல்லாது, அவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். இரண்டு நாளுக்கே வேலை செய்யுங்கள்.

யாரும் கேட்காமலே ஆட்கள் அன்சப்ஸ்கிரைப் ஆகிறார்கள்

மேலே சொன்னதன் தலைகீழ். மெயில் போய் ஒரு நிமிடத்துக்குள், ஒரே கம்பெனியைச் சேர்ந்த பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலகியிருப்பார்கள். போன் செய்து கேட்டால் “நாங்க ஒண்ணும் பண்ணலையே” என்பார்கள். அவர்கள் சொல்வது நிஜம். பல நிறுவனங்களின் பாதுகாப்பு ஸ்கேனர், மெயிலில் இருக்கும் ஒவ்வொரு லிங்க்கையும் தானே திறந்து பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விடுகிறது. அந்த லிங்க்குகளில் உங்கள் அன்சப்ஸ்கிரைப்பும் ஒன்று. திறந்த மாத்திரத்தில் பெயரை நீக்கும்படி எழுதியிருந்தால், ஸ்கேனரே எல்லோரையும் விலக்கிவிடும்.

மெயிலுக்குள் இருக்கும் லிங்க், ‘உறுதி செய்’ என்ற ஒரு பொத்தான் உள்ள ஒரே பக்கத்துக்குப் போகட்டும். அந்த ஒரு பக்கம் வரை கேன்-ஸ்பாம் விதி அனுமதிக்கிறது. லாகின் கேட்பது, காரணம் கட்டாயம் சொல் என்பது, அடுத்த பக்கத்துக்கு அனுப்புவது எல்லாம் கூடாது. இதோடு ஹெடரில் (மெயிலோடு போகும், படிப்பவர் கண்ணில் படாத தகவல் பகுதி) ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’, ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்’ என்ற இரண்டு வரிகளும் வேண்டும். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் அன்சப்ஸ்கிரைப் இவற்றைத்தான் பயன்படுத்துகிறது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதுதான் இதற்கான முறை. சும்மா திறந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது, ‘போஸ்ட்’ முறையில் கோரிக்கை வந்தால்தான் நீக்கம் நடக்கும். அதனால் ஸ்கேனர் தட்டினாலும் கதவு திறக்காது. இந்த இரண்டு வரிகளையும் டிகிம் முத்திரைக்குள் கொண்டுவர மறக்காதீர்கள்.

ஜிமெயிலில் சரி, கம்பெனி முகவரிகளில் மட்டும் திரும்புகிறது

மெயில் திரும்பும்போது வரும் பௌன்ஸ் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். ‘ஸ்பாம்ஹாஸ்’ என்ற பெயர் அதில் இருந்தால் உங்கள் ஐபியோ டொமைனோ அந்த ஸ்பாம் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் ஏறியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் விலைக்கு வாங்கிய லிஸ்ட்டாக இருக்கும். அப்படிப்பட்ட லிஸ்ட்டுகளில் எந்த மனிதரும் பயன்படுத்தாத பொறி முகவரிகள் கலந்திருக்கும். யாரும் எங்கேயும் பதிவு செய்யாத முகவரிக்கு மெயில் போகிறது என்றால் அது சுரண்டி எடுத்த லிஸ்ட் என்று அர்த்தம். வலைப்பக்கங்களிலிருந்து தானியங்கி முறையில் முகவரி அள்ளுவதை, மற்ற மீறல்களோடு சேர்ந்தால் தண்டனையைக் கூட்டும் குற்றமாகவே கேன்-ஸ்பாம் வைத்திருக்கிறது.

வழக்குப் போடலாமா என்றால், இ360 இன்சைட் என்ற நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். ஸ்பாம்ஹாஸ் மேல் சிகாகோவில் வழக்குப் போட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்பாம்ஹாஸ் வழக்கை நடத்தாமல் விட, 2006-இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்குப் பின் 2010-இல் அது 27,002 டாலராகச் சுருங்கியது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவாக விதித்தது 3 டாலர்.

லிஸ்ட்டைத் தூக்கிப் போடுங்கள். எந்த வழியாக வந்த முகவரிகள் என்று சொல்ல முடியாதவற்றை எல்லாம் நீக்கிவிட்டு, பட்டியலின் தளத்திலேயே நீக்கக் கோருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் கோரினால் மறுபடி ஏறுவீர்கள், அடுத்த முறை இறங்குவது கடினம்.

பில், ஓடிபி, டெலிவரித் தகவல்கூட ஸ்பாமில்

விளம்பரமும் பில்லும் ஒரே டொமைனிலிருந்து போகின்றன. விளம்பரம் சம்பாதித்த கெட்ட பெயரைப் பில் சுமக்கிறது. விளம்பரத்துக்கு ஒரு சப்-டொமைன் (உங்கள் டொமைனின் கீழ் ஒரு கிளைப் பெயர்), பில்லுக்கு ஒரு சப்-டொமைன் என்று பிரித்துவிடுங்கள்.

பிரித்த பிறகு, பில் மெயிலில் விளம்பரத்தைச் சொருகும் ஆசை வரும். வேண்டாம். மெயிலின் முதன்மை நோக்கம் எது என்றுதான் சட்டம் பார்க்கும். சப்ஜெக்டைப் பார்ப்பவருக்கு விளம்பரம் என்று தோன்றினால், அல்லது பில் விவரம் அடியில் கிடந்து மேலே தள்ளுபடி நின்றால், அது விளம்பர மெயில்தான், அன்சப்ஸ்கிரைப் வேண்டும். கடன் தகவல் நிறுவனமான எக்ஸ்பீரியனின் நுகர்வோர் பிரிவு, கணக்குத் தகவல் என்ற பெயரில் நிறுத்த வழியில்லாத விளம்பரங்களை அனுப்பியதாக 2023-இல் வழக்கு வந்து, 6.5 லட்சம் டாலரில் முடிந்தது.

ஒரு நாட்டிலிருந்து மட்டும் புகார் வருகிறது

அமெரிக்க விதியை எல்லா நாட்டுக்கும் நீட்டியிருப்பீர்கள். கனடாவின் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, சம்மதம் முதலில் வேண்டும். ஒருவர் வாங்கினால் 2 வருடம், விசாரித்தால் 6 மாதம், அந்தக் காலத்துக்கு மட்டும் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு அபராதம் 1 கோடி கனடா டாலர் வரை போகலாம். சம்மதத்தை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. சம்மதம் கேட்டு அனுப்பும் மெயிலே அங்கே வணிக மெயிலாகக் கருதப்படும்.

பிரிட்டனில் ஃப்ளைபி விமான நிறுவனம் இதே போன்ற குழியில் விழுந்தது. விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்த 33 லட்சம் பேருக்கு, ‘உங்கள் விவரங்கள் சரியா?’ என்று கேட்டு மெயில் போட்டது. 2017-இல் 70,000 பவுண்டு அபராதம். சிங்கப்பூரில் கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பரத்துக்குச் சப்ஜெக்டின் தொடக்கத்திலேயே ஏ-டி-வி என்ற அடையாளம் போட வேண்டும். அதைப் பார்த்ததும் யார் திறப்பார்கள்? சம்மதம் வாங்கிவிட்டால் அந்த அடையாளமே தேவையில்லை.

“நாம இந்தியாவிலதானே இருக்கோம்” என்று கேட்பவர்களுக்கு: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைகள் அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும்தான் பார்க்கின்றன. தொல்லை தரும் மெயிலையும் தொட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மெயில் ஸ்பாமுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் மெயிலைப் பெறுகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் விதியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு லிஸ்ட்டில் மூன்று நெடுவரிசை கூட்டுங்கள்: நாடு, சம்மதம் கொடுத்த தேதி, எந்தப் படிவம் வழியாக.

எல்லாம் சரிசெய்தாயிற்று, இப்போது 421 4.7.28 வருகிறது

4-இல் தொடங்கினால் மறுப்பு இல்லை, ‘அப்புறம் வா’ என்று அர்த்தம். திடீரென்று அதிக மெயில் வருவதைப் பார்த்து ஜிமெயில் வேகத்தைக் குறைக்கிறது. பெரும்பாலும் மருந்து வேலை செய்து, நாலாவது வாரமே ஓரமாக வைத்த 35,000 பேரையும் ஒரே காலையில் மறுபடி ஏற்றியிருப்பீர்கள். நிறுத்துங்கள். நாளைக்குப் பழைய 5,000 பேருக்கு மட்டும் அனுப்புங்கள். அடுத்த வாரம் ஓரமாக வைத்தவர்களில் ஓராயிரம் பேரைச் சேர்த்து, இரண்டு நாள் கழித்துப் புகார்க் கோட்டைப் பாருங்கள். 0.1-க்குக் கீழே இருந்தால் இன்னும் ஓராயிரம். ஏறினால், கடைசியாகச் சேர்த்த ஆயிரத்தை வெளியே எடுங்கள்.